கீழ்த்தட்டில் ஒரு டின்

இது நடந்தது. வெள்ளைச் சேலை கிடையாது. கொலுசுச் சத்தம் கிடையாது. நாய் ஊளை, மல்லிகை வாசம், நடுநிசி... அதையெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எல்லாம் பகலில் நடந்தது. ஜொகூரில், கெலாங் பாத்தாவில், ஒரு வரிசை வீட்டின் பின்னறையில், மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போது நடந்தது. பேய் என்று யாராவது பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிற ஒருத்திக்கு நடந்தது.

இப்போது அவள் சிரிப்பதில்லை.

அவள் பெயர் லோஷினி. வேதியியல் படித்தவள். செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அதிகம் பேசமாட்டாள். பேசாத பெண்ணை அடக்கமானவள் என்று ஊர் சொல்லும். லோஷினியின் கதை வேறு. எதிரில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பதில் சொல்வதே வீண் என்று நினைக்கிறவள் அவள். அந்த முக்கால்வாசியில் முதல் ஆள் நாத்தனார் ராசம்மா.

ராசம்மா, கணவன் கமலநாதனின் மூத்த அக்கா. கல்யாணம் ஆகாதவள். சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்மா போய், தோட்டத்து வீடும் போனபிறகு தம்பி வீட்டுக்கு வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. லாரியில் ஒரு மூன்று கதவு அலமாரியை ஏற்றிக்கொண்டு வந்தாள். பின்னறையில் பாதியை அலமாரி அடைத்துக்கொண்டது. மீதியை ராசம்மா அடைத்துக்கொண்டாள்.

லோஷினியின் மகள் வைஷ்ணவிக்கு ஆறு வயது. ஜனவரியில் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஓர் அறை வேண்டாமா, துணி வைக்க ஓர் இடம் வேண்டாமா? பிள்ளையின் சட்டைகள் வரவேற்பறையில் பிளாஸ்டிக் கூடையில் கிடந்தன. பின்னறையில் ராசம்மாவின் கந்தல்கள் தேக்கு அலமாரியில் வாழ்ந்தன. லோஷினிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பல் கூசும்.

டிசம்பர் விடுமுறையில் ராசம்மா கோயில் கூட்டத்தோடு தமிழ்நாட்டுக்குப் போனாள். பழநி, திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று நீண்ட பயணம். லோஷினி காத்திருந்தது இதற்குத்தான். அலமாரியைச் சுத்தம் செய்யப்போகிறேன், அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றாள் கணவனிடம். சொல்லிவிட்டேன் என்றான் அவன். சொல்லவில்லை. விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் இரண்டாம் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற மனிதன். அந்த ஒரு காரணத்துக்காக வீட்டில் வேறு எந்த வேலையும் தன்னைத் தொடக்கூடாது என்று நினைக்கிறவன்.

சனிக்கிழமை காலை தொடங்கினாள். மூன்று கறுப்புப் பைகள். ஒன்று வைத்துக்கொள்ள, ஒன்று கொடுத்துவிட, ஒன்று குப்பைக்கு. காணொளிகளில் வெள்ளை அறைக்குள் நின்று புன்னகைக்கும் பெண்கள் சொல்லித் தருகிற முறை. அவர்கள் ராசம்மாவின் அலமாரியைத் திறந்திருந்தால் அந்தப் புன்னகை அங்கேயே விழுந்திருக்கும்.

கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாடை மூஞ்சியில் அறைந்தது. கல்யாண வீடுகளில் கொடுத்த துண்டுகள், உறை பிரிக்காமல். தைக்காத ரவிக்கைத் துணிகள், ஒரு கடை வைக்கும் அளவுக்கு. தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்காரர்கள் கொடுத்த டி-சட்டைகள், எல்லாக் கட்சிகளும், சண்டை சச்சரவு இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக. ராசம்மா முன்பு வேலை பார்த்த கம்பெனியின் சீருடைகள். அந்தக் கம்பெனி மூடி எத்தனையோ வருடம். மறுபடி திறந்தால் முதல் ஆளாகப் போய் நிற்கலாம் என்று நினைத்தாள் போல. ஒரு பிளாஸ்டிக் பை நிறையப் பிளாஸ்டிக் பைகள்.

ஒரு மனுஷி நாற்பத்தெட்டு வருடம் வாழ்ந்ததற்கு இதுதான் சாட்சி என்று நினைத்துக்கொண்டாள் லோஷினி. இரக்கமே வரவில்லை. குப்பைப் பைதான் நிறைந்தது.

வைஷ்ணவி மெத்தையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் கீழ்த்தட்டு வந்தது. அதில் ஒரு பொருள்தான் இருந்தது. ஒரு சதுர பிஸ்கட் டின். பழையது. மூடியைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். வரவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினாள்.

உள்ளே ஒரு பாவாடை சட்டை. கத்தரிப்பூ நிறப் பாவாடை, பச்சைச் சட்டை. சின்னப் பெண்ணுக்கு உரியது. புதியது. விலை அட்டைகூட எடுக்கவில்லை. மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. கூடவே கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு, ஒரு பவுடர் டப்பா.

இதே பாவாடை சட்டை வைஷ்ணவியிடமும் இருந்தது. ஆடி மாதம் ராசம்மா வாங்கிக்கொடுத்தது. கோயில் திருவிழாவுக்கு ஒருமுறை போட்டாள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாகக் கிடைத்திருக்கும். யாருக்கும் கொடுக்க மனசு வராமல் டின்னில் பூட்டிவைத்திருக்கிறாள். லோஷினி அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

"அது அத்தையோடது இல்லம்மா," என்றாள் வைஷ்ணவி.

"பின்ன யாரோடது?"

"தெரியல. சின்னதா இருக்கு."

பாவாடை சட்டை கொடுக்கும் பைக்குள் போனது. வளையலும் சீப்பும் குப்பைப் பைக்குள் போயின. டின் நன்றாக இருந்தது. துடைத்து அதில் வைஷ்ணவியின் காலுறைகளைப் போட்டாள்.

பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய துணி போடும் பெட்டி ஒன்று உண்டு. சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பைகளைத் தள்ளிவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது பாட்டுக்கூடப் பாடினாள்.

ஒரு கதவு ராசம்மாவுக்கு. இரண்டு கதவு வைஷ்ணவிக்கு. சட்டைகளைச் செவ்வகமாக மடித்துப் புத்தகம்போல் நிற்க வைத்தாள். நிறவாரியாக. இடைவெளி இல்லாமல். கீழ்த்தட்டைக் காலியாக விட்டாள். அன்று இரவே வைஷ்ணவி பின்னறையில் படுத்துக்கொண்டாள். தனி அறை என்றதும் பிள்ளைக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை. காலை உணவு முடிந்து அலமாரியைத் திறந்தாள். தன் வேலையைத் தானே ரசிப்பதற்கு.

வரிசையில் ஓர் இடைவெளி. ஒரு சட்டையின் அளவு.

மஞ்சள் பாவாடை சட்டையைக் காணோம். கீழே குனிந்தாள். கீழ்த்தட்டில் இருந்தது. கிடந்தது என்று சொல்ல முடியாது. படுக்க வைத்திருந்தது. சட்டை மேலே, பாவாடை கீழே. இரண்டு கைகளும் விரிந்து. கழுத்துவரை எல்லாப் பித்தானும் மாட்டியிருந்தது.

யாரோ உள்ளே படுத்திருப்பதுபோல.

வைஷ்ணவியைக் கூப்பிட்டுத் திட்டினாள். நான் எடுக்கவில்லை என்றாள் பிள்ளை. பொய் வேறா என்று கேட்டாள். பிள்ளை அழுதது. லோஷினி சட்டையை மறுபடி மடித்து வரிசையில் நிற்க வைத்தாள்.

திங்கட்கிழமை வைஷ்ணவியைப் பகல்நேரக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தாள். லோஷினிக்கு அந்த வாரம் முழுக்க விடுப்பு. கமலநாதன் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அலமாரியைத் திறந்தாள்.

மறுபடியும் இடைவெளி. இந்த முறை நீலப் பூப்போட்ட கவுன். கீழ்த்தட்டில், கை விரித்து, பித்தான்கள் மாட்டி.

பிள்ளை கிளம்புவதற்கு முன் செய்த வேலை என்று சொல்லிக்கொண்டாள். குனிந்து எடுத்தாள். எடுத்த கை நின்றது.

கவுன் சூடாக இருந்தது.

இஸ்திரிச் சூடு இல்லை. வெயில் சூடு இல்லை. வெளியே காலையிலிருந்து மழை. பிள்ளையைக் குளிப்பாட்டக் கழற்றும்போது துணியில் இருக்குமே... அந்தச் சூடு.

லோஷினி படித்தவள். பயப்படுவதற்கு முன் அளந்து பார்க்கிறவள். கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றியில் காட்டும் வெப்பமானி வீட்டில் இருந்தது. அதில் பொருள்களை அளக்கும் முறை ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. அதற்கு மாற்றினாள். சுவரில் காட்டினாள். இருபத்தெட்டு. அலமாரிக் கதவு, இருபத்தெட்டு. வரிசையில் இருந்த சட்டைகள், இருபத்தெட்டு.

கவுனின் மார்புப் பக்கம், முப்பத்து நான்கு.

மனிதத் தோலின் சூடு.

மறுபடி காட்டினாள். முப்பத்து மூன்று. மறுபடி... முப்பத்து இரண்டு. ஆறிக்கொண்டே வந்தது. சற்று முன்புவரை யாரோ போட்டிருந்ததுபோல.

கருவி பழையது, மின்கலம் தீர்ந்திருக்கும் என்று முடிவுகட்டினாள். கருவிமேல் பழி போடுகிறவர்களைத் தொழிற்சாலையில் அவளே ஏளனம் செய்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை. பிள்ளையைக் காப்பகத்தில் விடும் முன்பே அலமாரியைப் பார்த்தாள். வரிசை முழுசாக இருந்தது. கதவைப் பூட்டினாள். சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, அலமாரிக்கு எதிரில் மெத்தையில் உட்கார்ந்தாள். எந்த மடையன் வந்து திறக்கிறான் பார்க்கலாம்.

பதினொன்றேகால் மணிக்கு மழை நின்றது.

நின்றதும்தான் கேட்டது.

டிக்.

அலமாரிக்குள்.

டிக்... டிக்.

பல்லிச் சத்தம் என்று நினைத்தாள். பல்லி இப்படி இடைவெளி விட்டுச் சொல்லாது. இது சீராக வந்தது. ஒன்று, கொஞ்சம் நிதானம், அடுத்தது.

டிக்...

அழுத்துப் பித்தான். ஒவ்வொன்றாக யாரோ மாட்டுகிறார்கள். சின்ன விரல்களுக்கு நேரம் எடுக்கும். வைஷ்ணவி தானாகச் சட்டை போடும்போது இப்படித்தான்.

சாவி பூட்டுக்குள் போகவில்லை. மூன்றாம் முறை போனது. திறந்தாள்.

உள்ளே யாரும் இல்லை.

கீழ்த்தட்டில் பள்ளிச் சீருடை. கையில்லாத நீல பினஃபோர் கவுன், வெள்ளைச் சட்டை. இன்னும் ஒருமுறைகூட வைஷ்ணவி போடாத சீருடை. பெயர் அட்டை குத்தி, கழுத்துவரை மாட்டி, கை விரித்து...

தொடவில்லை. தொடாமலே தெரிந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. லோஷினி கத்தியே விட்டாள். ராசம்மா, ராமேஸ்வரத்திலிருந்து.

"தம்பி இப்பதான் சொன்னான். என் அலமாரிய அடுக்குறியாமே. ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

வைஷ்ணவிக்கு இடம் வேண்டியிருந்தது என்றாள் லோஷினி.

"துணிய என்னமோ பண்ணிக்க. கீழ ஒரு டின் இருக்கும். அத தொட்டியா?"

"இல்லக்கா."

"தொறந்தியா?"

"இல்லக்கா."

"தொறக்காத. நான் வந்து பாத்துக்கறேன்." வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கமலநாதன் குளித்துவிட்டுச் சோபாவில் கைப்பேசியோடு சாய்ந்ததும் கேட்டாள். அந்த டின்னில் என்ன? அவன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். அவனுக்கு இரண்டு அக்கா. சின்னவள் தவமலர். தோட்டத்தில் இருந்தபோது ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது அவனுக்கு நான்கு வயது; முகம்கூட ஞாபகம் இல்லை. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண் வீட்டுக்குக் கன்னி சாமி. வருடா வருடம் ஆடியில் ஒரு புதுத்துணி எடுத்துக் கும்பிட்டு டின்னில் வைப்பாள் ராசம்மா. பழையதை ஆற்றில் விட்டுவிடுவாள்.

"எட்டு வருஷமா இத ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சிரிப்ப."

"சிரிக்க மாட்டேன்."

"இப்ப சிரிக்க மாட்ட. அப்ப சிரிச்சிருப்ப லா." பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தான். "ஏன், டின்ன என்னா பண்ண?"

ஒன்றும் இல்லை என்றாள். அவன் மறுபடி கைப்பேசிக்குள் போய்விட்டான். ஒன்றும் இல்லை என்ற சொல்லை இவ்வளவு சீக்கிரம் நம்புகிற ஆணைக் கட்டிக்கொண்டதற்கு அன்று முதல்முறையாக நன்றி சொன்னாள்.

புதன்கிழமை காலை துணிப்பெட்டிக்கு ஓடினாள். காலியாகிவிட்டது. லாரி திங்கட்கிழமையே வந்து அள்ளிக்கொண்டு போனதாக எண்ணெய் நிலையத்துப் பையன் சொன்னான்.

புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கலாம். அதை அவளும் நினைத்தாள். ஆனால் நிறம் மாறினால் ராசம்மா கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் கோயில் கூட்டம் முழுக்கத் தெரியும். தம்பி பெண்டாட்டி வீட்டுச் சாமியைக் குப்பையில் போட்டாள் என்று ஜொகூர் முழுக்கப் பேசும். லோஷினிக்குப் பேயைவிட அந்தப் பெண்களின் வாய்மேல்தான் அப்போதும் பயம்.

வைஷ்ணவியிடம் அதே பாவாடை சட்டை இருந்ததே. ஒரே ஒருமுறை போட்டது.

தொழிற்சாலையில் இதற்கு ரீவொர்க் என்று பேர். கைபட்ட சாமானைத் துடைத்து, சரிசெய்து, புதுசுபோல் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவது. லோஷினி அதில் கெட்டிக்காரி. பாவாடையை அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டாள். வேறொரு புதுச்சட்டையின் விலை அட்டையை எடுத்து இதில் குத்தினாள். மூலையில் மஞ்சள் தடவினாள். வளையலும் ரிப்பனும் சீப்பும் பவுடரும் கடையில் வாங்கினாள். டின்னிலிருந்து காலுறைகளைக் கொட்டினாள். எல்லாவற்றையும் உள்ளே வைத்து, மஞ்சளில் நனைத்த கயிற்றால் கட்டி, கீழ்த்தட்டில் வைத்தாள்.

எந்தப் பரிசோதகன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சாமியாலும் முடியாது.

அன்றிலிருந்து எல்லாம் அடங்கிவிட்டது.

வரிசையில் இடைவெளி இல்லை. சத்தம் இல்லை. சீருடை அதன் இடத்தில் இருந்தது. வியாழன், வெள்ளி, சனி... ஒன்றும் இல்லை. லோஷினிக்குப் பழைய திமிர் திரும்பி வந்தது. இதுதானா உங்கள் கன்னி சாமி? பழைய துணியைப் புதுசு என்று கொடுத்தால் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிற சாமி?

ஞாயிற்றுக்கிழமை மதியம் வைஷ்ணவி வாசலில் பந்து விளையாடிவிட்டு வந்தாள். நல்ல வெயில். முகம் சிவந்திருந்தது. குளிக்க வைப்பதற்குச் சட்டையைக் கழற்றினாள் லோஷினி.

சட்டை குளிர்ந்திருந்தது.

முகர்ந்து பார்த்தாள். வியர்வை வாசம் இல்லை. பிள்ளை வாசம் இல்லை. கசங்கல்கூட இல்லை. கடையில் தொங்குகிற சட்டை எப்படி இருக்குமோ அப்படி.

வெப்பமானியை எடுத்துவந்தாள். வைஷ்ணவியின் நெற்றி, முப்பத்தாறரை. சரியாக இருந்தது. சட்டை, இருபத்தெட்டு. சுவர், இருபத்தெட்டு.

பிள்ளையிடம் சூடு இருந்தது. அந்தச் சூடு துணியில் ஏறவில்லை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். காலையில் போட்ட சட்டை மாலையில் போடாத சட்டையாகக் கழன்றது. தூங்கி எழுந்த படுக்கை விரிப்பில் சுருக்கம் இல்லை. பள்ளி திறந்தது. முதல் நாள் திடலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள் வைஷ்ணவி. முட்டியில் ரத்தம். சீருடையில் ஒரு பொட்டு மண் இல்லை.

துணியைப் பொறுத்தவரை உள்ளே யாருமே இல்லை.

வைஷ்ணவி சாப்பிட்டாள். சிரித்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். கமலநாதனிடம் காட்டியபோது, துவைக்கிற வேலை மிச்சம் என்றான். லோஷினி அவனை அடிக்கப் போனாள். அவளுக்குள் ஒரே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது: பிள்ளைக்கு ஏதோ ஆகிறது. அளக்க முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் ராசம்மா வந்தாள். விபூதிப் பொட்டலங்கள், பஞ்சாமிர்த டப்பாக்கள், இன்னும் பத்துப் பிளாஸ்டிக் பைகள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். தன் சாமான்கள் ஒரு கதவுக்குள் சுருங்கிவிட்டதைப் பார்த்தாள்.

"நல்லா அடுக்கியிருக்க. கடை மாதிரி இருக்கு. மனுஷங்க இருக்கற வீடு மாதிரிதான் இல்ல."

ராசம்மா குனிந்து டின்னை இரண்டு கையாலும் தூக்கினாள். பாதியில் நின்றாள். மறுபடி கீழே வைத்தாள்.

"கனக்குது."

ராசம்மா மூடியைத் தட்டிப் பார்த்தாள்.

"வெறும் துணி இப்படிக் கனக்காது. என்னா வச்ச?"

பொய் சொல்லத் தெம்பில்லை. சொன்னாள். பெட்டியில் போட்டது, லாரி வந்தது, சூடு, சத்தம், வைஷ்ணவியின் பாவாடை, விலை அட்டை... எல்லாம். ராசம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராசம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போட்ட துணியா?"

"ஒரு தடவதான் கா."

"போட்ட துணிய வச்சா, போட்டவள வச்ச மாதிரி." முகத்தில் அடிப்பதுபோல் சொன்னாள். "இத யாரும் உனக்குச் சொல்லலியா? உங்க வீட்டுல சாமியே இல்லியா?"

எடுத்துவிடலாமே என்றாள் லோஷினி. புதுசு வாங்கி வைத்துவிடலாமே. இப்போதே போய் வாங்குகிறேன். பட்டுப் பாவாடையே வாங்குகிறேன். ராசம்மா தலையை ஆட்டினாள். வைப்பதும் எடுப்பதும் ஆடியில் மட்டும்தான் என்றாள். இடையில் கை வைத்தவர்கள் அவர்கள் குடும்பத்தில் யாரும் இல்லை.

லோஷினிக்கு ஆத்திரம் வந்தது. என்ன விதி இது, யார் எழுதியது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

ராசம்மா டின்னைப் பார்த்தபடியே இருந்தாள்.

"இந்த டின்னு மொதல்ல தவமலருக்கு இல்ல."

"பின்ன?"

"எங்கப்பாவோட தங்கச்சிக்கு. அதுவும் சின்னதுலயே போனதுதான். அம்மாதான் வருஷா வருஷம் துணி வைப்பாங்க. ஒரு வருஷம் தோட்டத்துல வேலை இல்ல. புதுத்துணி எடுக்க வழியில்ல. தவமலரோட பாவாடைய தொவச்சு மடிச்சு வச்சாங்க. யாருக்குத் தெரியப்போகுதுன்னு."

லோஷினி மாதங்களை எண்ணிப் பார்த்தாள்.

"தவமலர்... அடுத்த ஆடி வரைக்கும் இருந்தாளா?"

ராசம்மா எழுந்தாள். கோயிலிலிருந்து கொண்டுவந்த பைகளைப் பிரிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பையாக.

அதற்குமேல் லோஷினி பொறுக்கவில்லை. பாய்ந்து டின்னை இழுத்தாள். கனத்தது. கயிற்றை அறுத்தாள். மூடியைப் பிடுங்கினாள்.

பாவாடை சட்டை மடிப்பில் இல்லை. சட்டையின் கொக்கிகள் கழுத்துவரை மாட்டியிருந்தன. அவள் மாட்டவில்லை.

இரண்டு கையாலும் வெளியே எடுத்தாள்.

சூடு.

ராசம்மா, "வேணாம் லோஷி," என்றாள்.

லோஷினி முதல் கொக்கியைக் கழற்றினாள்.

வரவேற்பறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பென்சில் சத்தம் நின்றது.

இரண்டாவது கொக்கி.

"அம்மா..."

வைஷ்ணவியின் குரல். மெல்லிய குரல். மூன்று மணி வெயில் சன்னல் வழியே கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

"அம்மா... குளிருது."

லோஷினியின் கை அப்படியே நின்றது.

மூன்றாவது கொக்கியில் விரல். பாவாடை அவள் மடியில். அதன் சூடு இறங்குவது தெரிந்தது. வெப்பமானி தேவைப்படவில்லை.

"அம்மா..."

இரண்டாவது கொக்கியை மாட்டினாள்.

முதல் கொக்கியை மாட்டினாள்.

கைகளை மடித்து, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் டின்னுக்குள் கிடத்தினாள். மூடியை வைத்தாள். கட்டக் கயிறு இல்லை. ராசம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து நீட்டினாள்.

வரவேற்பறையில் பென்சில் மறுபடி ஓடத் தொடங்கியது.

லோஷினி இப்போது வேலைக்குப் போவதில்லை. காலையில் மகளைப் பள்ளியில் விடுகிறாள். வெளிக்கதவுக்கு எதிரில் காரை நிறுத்திவிட்டுப் பள்ளி விடும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் பின்னறையை யாரும் பூட்டுவதில்லை. ராசம்மா அங்கேதான் படுக்கிறாள், அலமாரிக்கு முதுகைக் காட்டாமல். அறையைத் திருப்பித் தரும்படி லோஷினி கேட்கவில்லை.

தவமலரின் இறப்புச் சான்றிதழைக் கமலநாதனின் பழைய கோப்பிலிருந்து லோஷினியே தேடி எடுத்துப் பார்த்தாள். காய்ச்சல் என்று குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். சான்றிதழில் காய்ச்சல் இல்லை. உடல் வெப்பம் குறைந்து இறப்பு என்று இருந்தது. ஜொகூரில். ஜூன் மாதத்தில்.

இந்த வருடம் ஆடி, ஜூலை நடுவில் பிறக்கிறது.